பிள்ளை கனக்கச் சாப்பிடமாட்டாள்

மூன்று மணிக்கு என்று எழுதியிருக்கிறாள். இப்போது ஒன்று இருபது. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கடிகார முள் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் தேவாலயக் கோபுரத்தில் ஒன்று, கண்ணாடிக்கு வெளியே டிராம் நிற்கும் இடத்தில் ஒன்று, எதிர் மேசைக்காரரின் மணிக்கட்டில் ஒன்று. என் கையில் இருப்பது மட்டும் இன்னும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. மாற்றத் தெரியாமல் இல்லை, மனசில்லை. நாலு ஐம்பதைப் பார்த்து மூன்றரை மணியைக் கழித்துக்கொள்கிறேன். காலையில் ஓட்டல் அறையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒருதரம் சிணுங்கி அடங்கியது. நான் இந்திராணி, மகனோடு மூன்று நாள் சூரிச் வருகிறேன், பார்க்க முடியுமா என்று பத்து நாளைக்கு முன்னால் மலருக்கு எழுதி அனுப்பியிருந்தேன். படித்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டியது, அதோடு சரி. அதற்குக் கீழே இன்று அவள் எழுத்து. ‘இண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு ஸ்டேஷன் பெரிய மணிக்கூட்டுக்குக் கீழ நிப்பன். வாரும். அந்த நேரம் உமக்கு ஒரு கடிதம் போட்டனான், கிடைச்சிருக்காது. பரவாயில்லை.’ கிடைச்சிருக்காது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் காலையிலிருந்து நடக்கிறேன், உட்காருகிறேன், படம் பிடிக்கச் சிரிக்கிறேன். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து அவளே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறாள், தலையைக் குனிந்து நுழைந்துகொள்ளலாம். ஆமாம் மலர், கிடைக்கவே இல்லை, அந்தக் காலத்துத் தபால் அப்படித்தானே என்று ஒரு வரி சொன்னால் போதும். “அத்தை, ஐஸ்கிரீம் உருகுது” என்கிறாள் மருமகள் ஹேமா.

அது ஐஸ்கிரீம் இல்லையாம், பீட்ரூட்டாம். உள்ளங்கையளவு கல்லின் மேல் ஒரு கரண்டிச் சிவப்பு, அதன் மேல் ஒற்றை இலை. வெள்ளைக் கையுறை போட்ட பையன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு அது எந்த மலையடிவாரத்தில் விளைந்தது என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனான். மொத்தம் ஏழு பதார்த்தம், இது இரண்டாவது. எனக்குக் கொடுத்த அட்டையில் விலை இல்லை. “கூட்டிட்டு வந்தவங்க அட்டையில மட்டும்தாம்மா போடுவாங்க” என்று குருபரன் தன்னுடையதை மூடி மடியில் வைத்துக்கொண்டான். மியூனிக்கில் வேலை பார்க்கிறான். அம்மாவுக்கு எழுபத்திரண்டு முடிகிறது, ஒரு தடவையாவது ராஜா மாதிரி சாப்பிடட்டும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே இந்த மேசையைப் பிடித்து வைத்திருக்கிறான். நேற்று முழுக்கச் சுற்றிக் காட்டினான். ஒரு தேவாலயத்தில் நீளநீளமாகக் கண்ணாடி ஜன்னல்கள், ஒன்று நீலம், ஒன்று பச்சை. அந்த நீலம் என் புடவையில் விழுந்து, நான் நகர்ந்ததும் தரையில் விழுந்தது. மேட்டு மைதானத்தில் கிழவர்கள் இடுப்புயரச் சதுரங்கக் காய்களை இரண்டு கையாலும் கட்டித் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அழகு. எல்லாவற்றையும் பார்த்தேன், ஆனால் பார்த்ததெல்லாம் தெருவில் போகிற கறுத்த முகங்களைத்தான். டிராமில் குளிர்ச்சட்டைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாவின் காதில் தோடு மின்னியதும் எழுந்தே விட்டேன். அது அவள் இல்லை. “இது போட்டோ எடுக்கிற சாப்பாடும்மா, சாப்பிடுற சாப்பாடு இல்ல” என்று குரு சிரிக்கிறான். “பேசாம இருங்க, அத்தைக்கு இந்தளவுதான் சரி. வீட்டுலயும் கோழி கொத்துற மாதிரிதான் சாப்பிடுறாங்க” என்கிறாள் ஹேமா. பிள்ளை கனக்கச் சாப்பிடமாட்டாள். கனக்க என்றால் மலரின் ஊரில் நிறைய என்று அர்த்தம். கடிதத்தில் ஆறாவது வரி அது.

தவமலர் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்குப் படிக்க வந்தவள். விடுதியில் பதினேழாம் எண் அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு வாதுமை மரம். வந்த அன்றே “நீர் எந்த ஊர்?” என்று கேட்டாள். என்னை யாரும் நீர் என்று கூப்பிட்டதில்லை, நீ என்பார்கள், இல்லாவிட்டால் ஏய் என்பார்கள். மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், “நீர் வாரும், நீர் குளியும்” என்று வராந்தாவில் நடித்துக் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வயதில் யாரோ எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. காலைப் பலகாரத்துக்கு மணி அடித்தால் நான் கடைசி ஆள், தலை பின்னி முடியாது. அவள் ஓடிப்போய் இரண்டு தட்டிலும் வாங்கி வைத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே நின்று கத்துவாள், “கெதியா வாரும், இந்திராணி, கெதியா!” சீக்கிரம் என்பதற்கு அவள் சொல் அது. எனக்குப் பசி தாங்காது. அவளுக்கு அது தெரியும். அவளுடைய தட்டிலிருந்து ஒரு இட்லி எப்போதும் என் தட்டுக்கு மாறியிருக்கும். எண்ணினால்தான் தெரியும், சொல்லமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து நான் எழுதிய கவிதைகளை வாய்விட்டுப் படிப்பாள். அவள் வாயில் என் சொற்கள் எனக்கே புதிதாக இருக்கும், ஈரத்துணி உதறினது போல. கவிதை எழுதுவதை நான் எப்போது விட்டேன்? யாரும் விடச் சொல்லவில்லை. படிக்க ஆளில்லாமல் போனதும் நின்றுவிட்டது. இந்த ஊரில் தண்ணீருக்கு ஒரு ஓசை இருக்கிறது, தெருவுக்குத் தெரு கல்தொட்டியில் விழுந்துகொண்டே இருக்கிறது. நேற்றிரவு அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது ஒரு வரி வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டது. இதே ஊரில், இதே தண்ணீர்ச் சத்தத்தில் அவள் நாற்பது வருஷமாகத் தூங்கி எழுந்திருக்கிறாள்.

மீன் வந்திருக்கிறது. ஏரி மீனாம். விரல் நீளத் துண்டு, சுற்றிலும் நுரை. ஒரு கையெழுத்தா, இரண்டு கையெழுத்தா? இங்கேதான் வந்து நிற்கிறேன் ஒவ்வொரு முறையும். எண்பத்து மூன்று ஆகஸ்டு, அருப்புக்கோட்டை, என் மாமனார் வீடு, பருத்தி விதை வியாபாரம், பதினோரு பேர் உலை. அந்த வீட்டில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் முன்னறையில் மாமாதான் ஈர்க்குச்சியால் கிழித்து உரக்கப் படிப்பார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, செய்தித்தாள் படிப்பது போலத்தான். நான் மலருக்கு இதை எழுதியிருந்தேன், வேடிக்கையாக. அதனால்தான் அவள் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறாள், பெயருக்கு உரியவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்று. தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நான் ஈரக்கையோடு வாசலுக்கு வந்தேன். இடுப்பில் குரு, பத்து மாசம். தபால்காரர் காட்டிய இடத்தில் போட்டேன். அந்த வீட்டில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியிருந்தேன், ரேஷனோ, பத்திரமோ, எதுவோ, படித்துப் பார்க்கிற வழக்கமில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தேனா, அல்லது அவர் “இதுலயும் ஒண்ணு” என்று இன்னொரு சின்ன அட்டையை நீட்டினாரா? நீட்டியிருந்தால் அது ஒப்புகை அட்டை. அது அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், இன்னாருக்குக் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு. சில நாள் அந்த அட்டை எனக்கு நன்றாகத் தெரிகிறது, அதன் மொரமொரப்பு, குருவின் உமிழ்நீர் ஓரத்தில் பட்டது. சில நாள் ஒன்றுமே இல்லை, ஒரு கையெழுத்து, மூடிய கதவு. உறையைப் பார்த்தாலாவது தெரிந்திருக்கும், அனுப்பியவள் பெயரை யாரும் பார்க்கக் கூடாதென்று அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். ஒன்று என்றால் அவளுக்குத் தெரியாது. இரண்டு என்றால் நாற்பத்திரண்டு வருஷமாகத் தெரியும். தெரிந்துகொண்டா கிடைச்சிருக்காது என்று எழுதுவாள்?

கடிதம் மண்டபம் முகாமிலிருந்து வந்திருந்தது. படகில் வந்து சேர்ந்தோம், நானும் மகளும். அவரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. இங்கே மணலும் காய்ச்சலுமாக இருக்கிறது. ஒரு மாதம், அதிகம் போனால் இரண்டு மாதம் உம்முடைய வீட்டில் ஒரு மூலையில் இருக்க முடியுமா? எனக்கு எந்த வேலையும் செய்ய வரும். பிள்ளைக்கு நாலு வயது, பிள்ளை கனக்கச் சாப்பிடமாட்டாள். நான் அன்று சாயங்காலம் அடுப்படியில் மாமியார் பக்கத்தில் போய் நின்றேன். அவர் அரிசி அளந்துகொண்டிருந்தார். படியைத் தலைதட்டி, இன்னொரு படி, தலைதட்டி. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “என்னடி நிக்கிற, பிள்ளை அழுவுது பாரு” என்றார். போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். மறுநாளும் நின்றேன். நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். வா என்று ஒரே எழுத்து. அதை எழுத அந்த வீட்டில் எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, வராதே என்று எழுதக் கை வரவில்லை. பிறகு ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, இனிமேல் எழுதினால் எப்படித் தொடங்குவது என்பதே பெரிய வேலையாகிவிட்டது. அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை, நான் கேட்கவே இல்லை. மூன்று வருஷம் கழித்து ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்த மாமியார் தன்பாட்டில் சொன்னார், “பாவம், நம்ம வாசலுக்கு யாராச்சும் வந்திருந்தா ஒரு வாய் சோறு போடாமலா விட்ருப்போம்.” நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். கூடப் படித்த பத்மாசனிதான் போன வருஷம் எங்கள் குழுவில் அவள் எண்ணைப் போட்டாள், ஒரு புகைப்படத்தோடு. மலர், அவள் கணவர், உயரமாக ஒரு பையன். ‘ஒரே பையன்தான் போல, சூரிச்சிலேயே பிறந்தவனாம்’ என்று எழுதியிருந்தாள். ஒரே பையன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஓரத்தில் எங்காவது ஒரு பெண்ணின் தோளாவது தெரிகிறதா என்று. மணலும் காய்ச்சலும். நாலு வயது. நான் கேட்க வேண்டியது அவளிடம் ஒன்றே ஒன்றுதான், அதைக் கேட்காமல் இருக்கத்தான் மூன்று நாளாக எல்லா ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யாரோ என் தோளருகே குனிந்தார்கள், மீனைக் காணோம். ஒரு வாய்கூட உண்ணவில்லை, தட்டு போய்விட்டது. “அம்மா, கத்தியையும் முள்கரண்டியையும் இப்படிச் சேர்த்து வச்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம். எடுத்துட்டுப் போயிடுவாங்க” என்கிறான் குரு. எனக்கு எதையும் கோணலாக வைத்தால் பொறுக்காது, ஒழுங்காக வைத்தேன், அவ்வளவுதான். “திரும்பக் கொண்டாரச் சொல்லட்டா?” “வேண்டாம்பா.” “அம்மாவுக்கு எப்பவும் வேண்டாம்தான். வேணும்னு இவங்க எதையாச்சும் சொல்லிக் கேட்டிருக்கியா ஹேமா?” என்று சிரிக்கிறான். நல்ல பிள்ளை. அவன் சிரிப்பில் அவன் அப்பா தெரிகிறார், அவரும் போய் ஒன்பது வருஷம். அவரிடமும் சொன்னதில்லை. ரெண்டு பத்து. காளான் ஒன்று வந்தது, ஒன்றே ஒன்று, வெள்ளித் தட்டில் ராணி போல. சாப்பிட்டேனா? சாப்பிட்டிருக்க வேண்டும், தட்டு காலியாக இருக்கிறது. ரெண்டு முப்பது. இன்னும் மூன்று பதார்த்தம், அப்புறம் காப்பி, மூன்றேகாலுக்குப் படகு, ஐந்தரைக்கு மியூனிக் ரயில். அதுவும் அதே ஸ்டேஷன்தான். ஐந்தரைக்கு அதே கடிகாரத்தின் கீழ் பெட்டியை உருட்டிக்கொண்டு போவேன், அவள் நின்றுவிட்டுப் போன இடத்தை மிதித்துக்கொண்டு. போகாமலே இருந்துவிட்டால்? அவள் பத்து நிமிஷம் பார்ப்பாள், அரைமணி பார்ப்பாள். மறுபடியும் என்னிடமிருந்து பதில் வராது. அவளுக்கு அது பழக்கம்தானே. எனக்கும் பழக்கம்தான். இப்படியே உட்கார்ந்திருந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும், தட்டு வரும், தட்டு போகும், ஊர் போய்ச் சேருவேன். சமையலறைக் கதவு ஆட்டக் கதவு, பையன் தோளால் இடித்துப் போகும்போது ஒரு கணம் திறந்து, ஆவியும் பாத்திரச் சத்தமும் வெளியே வந்து, மூடும். இந்த முறை திறந்தபோது உள்ளே யாரோ ஒரு ஆண் குரல் யாரிடமோ, “கெதியா விடடா, கெதியா!” கதவு மூடிவிட்டது. இந்த வெள்ளைத் துணிக்கும் மெழுகுவத்திக்கும் அந்தப் பக்கம், என் மீன்தட்டைக் கழுவிக்கொண்டு, அந்தச் சொல். நான் கத்தியையும் முள்ளையும் எடுத்தேன், இன்னும் வராத தட்டுக்கு முன்னால் சேர்த்து வைத்தேன், எழுந்தேன்.

“பாத்ரூமா அத்தை?” “இல்லை. ஸ்டேஷனுக்குப் போகணும். மூணு மணிக்கு ஒருத்தி நிப்பா.” குருபரன் வாயில் ரொட்டியோடு என்னைப் பார்த்தான். “ஸ்டேஷனா? யாரும்மா?” “காலேஜ்ல என் ரூம்ல இருந்தவ.” “மூணு நாளா இங்கதான இருக்கோம், ஒரு வார்த்தை சொல்லலாம்ல? படகு டிக்கெட்... சரி, அவங்களையும் இங்க வரச் சொல்லுங்க.” “இல்லப்பா. நான்தான் போகணும்.” குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, எதிர் மேசைக்காரர் திரும்பினார். குருவுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. “உங்களுக்காகத்தாம்மா இதெல்லாம்” என்றான். எனக்குத் தெரியும், அவன் தலையை ஒருமுறை தடவினேன், இடுப்பில் இருந்த பத்து மாசத் தலை. ஹேமாதான் என் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். “நீங்க உக்காந்து எனக்கும் சேர்த்து இனிப்பைச் சாப்பிடுங்க. அத்தை வேணும்னு கேட்டதே இது ஒண்ணுதான், அதுலயும் கணக்குப் பாக்காதீங்க.” டிராம் ஏறினோம். பாதி வழியில், “ரொம்ப நெருக்கமா அத்தை?” என்றாள். நான் தலையசைத்தேன். வெளியே கடைகள், கடிகாரங்கள், கடிகாரங்கள். ஒரு கையெழுத்தா, இரண்டா. ஹேமா ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டாள். “நான் இங்கயே காப்பி குடிச்சிட்டு இருக்கேன். மெதுவா வாங்க.”

கூடம் ஒரு மைதானம் அளவுக்கு இருக்கிறது. மேலே உத்தரத்திலிருந்து குண்டாக ஒரு நீல தேவதை தங்கச் சிறகோடு தொங்குகிறது. அதற்குக் கீழே எத்தனையோ கால்கள், சக்கரங்கள், புரியாத அறிவிப்புகள். கடிகாரம் தெரிந்தது. அதன் கீழே ஏழெட்டுப் பேர் நின்றார்கள், அவர்களில் ஒரு குள்ளமான அம்மாள், சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை, முழங்கையில் துணிப்பை, நரைத்த தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு. அந்தச் சாய்ப்பு. படிக்கட்டுக்குக் கீழே இரண்டு தட்டோடு நிற்கும்போது அப்படித்தான் சாய்ப்பாள். நான் ஓடவில்லை, எழுபத்திரண்டு வயதில் என்ன ஓட்டம். ஆனால் அவள் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, பழக்கத்தில், அதட்டுவது போல இரண்டு முறை ஆட்டினாள். கெதியா, கெதியா. பக்கத்தில் போனேன். கட்டிக்கொள்வோம் என்று நினைத்திருந்தேன், இருவரும் சும்மா நின்றோம். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, “சாப்பிட்டீரோ?” என்றாள். மூன்று பதார்த்தம் வாயிலேயே நிற்க, “இல்லை” என்றேன். பொய்யாகத் தோன்றவே இல்லை. “எனக்குத் தெரியும்” என்று பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள், துணி சுற்றி. “ரோல்ஸ். மகள் மத்தியானம் நிண்டு சுட்டவள். கனக்க வைக்காதை எண்டு சொன்னனான், கேட்டாளே.” மகள். என் வாயிலிருந்து அந்தச் சொல் காற்றாக வந்தது. “மகளா?” “ஓம், மூத்தவள். நாப்பத்தாறு வயசு. இப்பவும் தான் கனக்கச் சாப்பிடமாட்டாள், மற்றவைக்குக் குடுத்துக்கொண்டே இருப்பாள்.” கூடத்தின் சத்தமெல்லாம் எங்கோ போய்த் திரும்பி வந்தது. நான் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். தலையைக் குனிந்து நுழைந்துகொள்ளலாம், கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. “மலர், கடிதம் கிடைச்சது.” அவள் துணி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “தெரியும். கார்ட் திரும்பி வந்தது, உம்மட கையெழுத்தோட. முகாமில அதை எவ்வளவு நாள் வச்சிருந்தனான். கையெழுத்து மாறேல்லை எண்டு பார்த்துக்கொண்டு.” “பின்னே ஏன் கிடைச்சிருக்காதுன்னு எழுதினே?” முடிச்சு அவிழ்ந்தது. “வேற எப்பிடி எழுதினா நீர் வந்திருப்பீர்?” என்றாள். கோபம் இருந்தது அந்தக் குரலில், நாற்பத்திரண்டு வருஷத்துக் கோபம். அது இருந்ததில்தான் எனக்கு மூச்சு வந்தது. மூடியைத் திறந்து டப்பாவை என் பக்கம் நீட்டினாள். “அதெல்லாம் நீர் இருந்து எனக்குச் சொல்லவேணும், ஒண்டும் விடாமல். முதல்ல சாப்பிடும்.” ஒன்றை எடுத்தேன். இன்னும் சூடு இருந்தது.